பல்பகுதிய ஓட்டினுள் வெப்பச் சேமிப்பு: சில வெப்பவியல் நோக்குகள்

வெப்பத்தைப் பெறுவதிலும் பார்க்க அதனைச் சேமித்து வைத்தலே கடினமானது. வெப்பம் கிடைக்கும் வேளையும் அது வேண்டப்படும் வேளையும் பெரும்பாலும் ஒன்றாவதில்லை. பகலில் மிகுந்து தொல்லை தருவது இரவில் இல்லாது போகின்றது. கட்டடங்களைக் குளிர்விப்பதற்கும் வெப்பமூட்டுவதற்கும் செலவாகும் மின்சக்தியைக் குறைத்தல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றுவரும் இந்நாளில், இம்முரணைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்றாக ஒருவகைத் தூள் முன்வைக்கப்படுகின்றது. அத்தூளின் ஒவ்வொரு மணியும், பல்பகுதியத்தாலான மெல்லிய ஓட்டினுள் அடைக்கப்பட்ட மெழுகுத் துளியாகும். இவற்றை நாம் நுண்குளிகைகள் என இக்கட்டுரையில் வழங்குவோம்.

இவை பற்றிய வணிக விபரங்களில் ஓர் எண்ணே முன்னிற்கக் காண்கின்றோம். ஒரு கிராம் பொருள் உருகும்போது எத்துணை வெப்பத்தை உள்வாங்கும் என்பதே அது. அவ்வெண் பொய்யன்று. ஆயினும் அது தனித்த மெழுகுக்குரியதா, ஓட்டோடு கூடிய குளிகைக்குரியதா, அக்குளிகை கலக்கப்பட்ட சுவருக்குரியதா என்ற வினா எழுப்பப்படாதவிடத்து, மெய்யான எண்ணும் பிழையான முடிவுக்கு இட்டுச் செல்லும். ஓடு வெறும் பாத்திரமன்று. உள்ளிருப்பதன் வெப்பவியல்புகளையே அது மாற்றிவிடுகின்றது. அம்மாற்றங்களை விளக்குவதே நமது நோக்கம்.

ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசால் உயர்த்த ஏறத்தாழ 4.2 யூல் வெப்பம் போதுமானது. ஆனால் ஒரு கிராம் பனிக்கட்டியை, வெப்பநிலை சற்றும் உயராதவாறு, நீராக மாற்றுவதற்கு 334 யூல் வேண்டும். அதே வெப்பம் அந்நீரைப் பின்னர் எண்பது பாகை வரை சூடாக்கக் கூடியது. வெப்பமானியின் கண்ணுக்குத் தப்பி ஒளிந்துகொள்ளும் இவ்வெப்பத்தை 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த யோசேப்பு பிளாக் அதற்கு மறைவெப்பம் என்ற பெயரை வழங்கினார். அவர் இதனை நூலாக எழுதி வெளியிட்டாரல்லர். மாணவர்க்கு அவர் ஆற்றிய விரிவுரைகள் அவர் மறைந்தபின் 1803இலேயே அச்சேறின. திண்மம் திரவமாதலும் திரவம் திண்மமாதலும் அவத்தை மாற்றங்கள் எனப்படும். நுவரெலியாவில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் உறைந்து நிற்பதையும் கொழும்புக்கு வந்ததும் இளகிவிடுவதையும் கண்டோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

பதினெட்டுக் காபன் அணுக்கள் கொண்ட ஒக்டாடெக்கேன் என்னும் பரபின் 28 பாகையில் உருகுகின்றது. அதன் மறைவெப்பம் கிராமுக்கு ஏறத்தாழ 244 யூல். ஒரு கிராம் செங்கல் இவ்வளவு வெப்பத்தை ஏற்கவேண்டுமாயின் அதனை 290 பாகையால் சூடாக்குதல் வேண்டும். காபன் சங்கிலியின் நீளத்தை மாற்றின் உருகுநிலையும் மாறும். பதினாறு காபன் கொண்டது 18 பாகையிலும் இருபது கொண்டது ஏறத்தாழ 37 பாகையிலும் உருகுகின்றன. ஆகவே மனிதர் வாழும் வெப்பநிலைக்கு அண்மையிலேயே வேண்டிய உருகுநிலையைத் தெரிந்தெடுத்தல் இயல்கின்றது. பரபின்களின் கவர்ச்சி இதுவே.

இப்பொருள்களை எவ்வாறு அடைத்து வைத்தல் என்பது தொடக்கத்திலேயே எழுந்த இடர். 1948ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள டோவரில் சூரிய வெப்பத்தால் மட்டும் மாரியைக் கழிக்கவல்ல வீடொன்று எழுந்தது. அதன் வெப்பமூட்டும் முறையை வகுத்தவர் ஹங்கேரியிற் பிறந்த மரியா ரெல்கெஸ். வீட்டை வரைந்தவர் எலினோர் றேமண்ட். பணம் உதவியவர் அமீலியா பீபொடி. மூவரும் பெண்கள் என்பது அக்காலத்துப் பொறியியல் வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. சோடியம் சல்பேற்றின் நீரேறிய வடிவமான கிளோபர் உப்பு, இருபது தொன்னுக்கு மேல் கொள்கலங்களில் அடைக்கப்பட்டு அவ்வீட்டினுள் வைக்கப்பட்டது. அது 32 பாகையில் உருகும். மறைவெப்பம் கிராமுக்கு ஏறத்தாழ 250 யூல். முதல் மாரிகளில் வீடு வெப்பமாயிருந்தது. பின்னர் உருகலும் உறைதலும் மீண்டும் மீண்டும் நிகழ, நீரிழந்த உப்பு அடியிற் படிந்து கரைசல் மேலே பிரிந்து நின்றது; கொள்கலங்கள் அரிக்கப்பட்டுக் கசிந்தன. சில ஆண்டுகளுள் அம்முறை கைவிடப்பட்டது. உப்பின் மறைவெப்பத்தைப் பற்றிய கணக்கில் தவறு இருக்கவில்லை. பெரிய கலத்தினுள் பன்முறை உருகி உறையும்போது அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதே தோல்விக்குக் காரணமாயிற்று.

இதற்கு விடையாக அமைந்த சிறிய கலம் முற்றிலும் வேறொரு தொழிலிலிருந்து வந்தது. 1950களில் ஒகையோ மாநிலத்து டேற்றன் நகரில், காசுப் பதிவுப் பொறிகளை ஆக்கிவந்த நஷனல் கேஷ் றெஜிஸ்ரர் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பறெற் கிறீன் என்பவரும் அவரது உடனாய்வாளரும் எண்ணெய்த் துளிகளைச் சுற்றி செலற்றினும் வேலம்பிசினும் சேர்ந்த ஓட்டைப் படியவைத்தனர். நோக்கம், காபன்தாள் இன்றியே படியெடுக்கும் தாளை ஆக்குதல். பேனாவின் அழுத்தத்தில் ஓடு உடையும். உள்ளிருக்கும் நிறமூலம் அடித்தாளிற்பட்டு எழுத்தாகத் தோன்றும். உடைவதற்கென்றே பிறந்த அவ்வோடு, ஒருபோதும் உடையலாகாத பணிக்குப் பின்னர் ஏவப்பட்டது. 1980களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஆதரவுடன் நடந்த ஆய்வுகளில் பரபின் குளிகைகள் துணியிழைகளுள் புகுத்தப்பட்டன. யேர்மனியில் பி.ஏ.எஸ்.எப். நிறுவனம் அக்கிரிலிக்கு ஓடிட்ட பரபினைச் சாந்திலும் சுவர்ப்பலகையிலும் கலக்கும் தூளாகச் சந்தைக்குக் கொணர்ந்தது.

ஆக்கும் முறைகள் பல. அவற்றின் பொதுத்தன்மையை மட்டும் குறிப்பிடுவோம். உருகிய பரபினை நீருடன் வேகமாகக் கடைந்து, குழம்பாக்கியின் துணையால் நுண்துளிகளாகப் பரப்புதல் முதற்படி. கடையும் வேகமே துளியின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. அடுத்து, துளியின் மேற்பரப்பில் பல்பகுதியம் தோன்றச் செய்தல் வேண்டும். மெலமைனும் போமல்டிகைட்டும் சேர்ந்த முன்பகுதியத்தை நீர்ப்பக்கமிருந்து ஊட்டி, அமிலத்தன்மையைக் கூட்டி, சூடாக்கின் அப்பிசின் துளியின்மேல் வந்து படியும். எண்ணெய்ப்பக்கத்தில் ஐசோசயனேற்றையும் நீர்ப்பக்கத்தில் அமைனையும் வைத்தால் அவை சந்திக்கும் எல்லையிலேயே பொலியூரியா ஓடு உருவாகும். மெதைல் மெதக்கிரிலேற்றைத் துளியினுள்ளேயே கரைத்துவைத்துப் பல்பகுதியமாக்குவது இன்னொரு முறை; உருவான பல்பகுதியம் பரபினிற் கரையாது மேற்பரப்பை நாடி ஒதுங்கும்.

இனி வெப்பவியல்புகளுக்கு வருவோம். ஓடு நமக்கு வேண்டிய வெப்பநிலையில் உருகுவதில்லை. ஆதலால் மறைவெப்பத்துக்கு அது எதையும் வழங்குவதில்லை. அதன் திணிவு முழுவதும் சுமையே. இச்சுமை எவ்வளவு என்பதைத் துளியின் அளவு தீர்மானிக்கின்றது. ஓட்டின் தடிப்பு 0.2 மைக்கிரோமீற்றர் எனக் கொள்வோம். குளிகையின் விட்டம் 10 மைக்கிரோமீற்றராயின் அதன் கனவளவில் 88 சதவீதம் மெழுகு. விட்டத்தை ஒரு மைக்கிரோமீற்றராகக் குறைத்து ஓட்டை அவ்வாறே விட்டால், மெழுகின் பங்கு 22 சதவீதமாகச் சுருங்கிவிடும். சிறிதாக்குதலே சிறப்பு என்ற கருத்துக்குக் கேத்திரகணிதம் இடும் எல்லை இது.

ஆயின் ஏன் சிறிதாக்குகின்றோம்? பரபினும் ஓட்டுப் பல்பகுதியமும் வெப்பத்தை மிக அரிதாகவே கடத்துவன. இவற்றின் வெப்பக்கடத்தாறு மீற்றருக்கு, கெல்வினுக்கு 0.15 முதல் 0.35 உவாற்று வரையே. செம்பினுடையதோ ஏறத்தாழ 400. மெழுகை ஒரு பெருங்கட்டியாக வைத்தால் ஓரம் உருகியபின்னும் நடுப்பகுதி நெடுநேரம் உறைந்தே கிடக்கும். வெப்பம் ஒரு தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரம் அத்தூரத்தின் வர்க்கத்திற்கு விகிதசமமாகும். ஐந்து சென்ரிமீற்றர் ஆரையுள்ள மெழுகுருண்டையின் நடுவை வெப்பம் சென்றடைய, மறைவெப்பத்தைக் கணக்கிற் கொள்ளாதபோதே, எட்டு மணித்தியாலம் வரை செல்லும். ஐந்து மைக்கிரோமீற்றர் ஆரையுள்ள துளியில் அது ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைவு. மேற்பரப்பைக் கணித்தாலும் இதுவே தெரியவரும். ஒரு கிலோகிராம் மெழுகு ஒரே உருண்டையாயின் அதன் மேற்பரப்பு ஒரு சதுரமீற்றரின் இருபதிலொரு பங்கு. பத்து மைக்கிரோமீற்றர்க் குளிகைகளாயின் அறுநூறு சதுரமீற்றருக்கு மேல். ஓட்டின் வழியாக வெப்பம் செல்வதில் உள்ள தடை இதன் முன் புறக்கணிக்கத்தக்கது. ஓட்டிற் காரீயத்துகள்களையும் உலோக ஒட்சைட்டுகளையும் புகுத்திக் கடத்தாற்றை உயர்த்தியதாக வெளிவரும் ஆய்வறிக்கைகள் பல. உண்மையில் சுவரொன்றில் வெப்பம் தடைப்படுவது குளிகையினுள் அன்று. அதனைச் சூழ்ந்த சாந்திலும், சுவருக்கும் அறைக் காற்றுக்கும் இடையேயுமாகும். அங்கே உள்ள தடையை விட்டுவிட்டு ஓட்டைச் சீர்செய்வதாற் பெரும்பயன் விளையுமென்று நாம் கருதவில்லை.

இப்பிரச்சினையில் மிகவும் கவனத்திற்குரியதும் வணிக விபரங்களில் அரிதாகவே இடம்பெறுவதும் மிகைக்குளிர்வு என்னும் தோற்றப்பாடு. ஒரு திரவம் அதன் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பின்னும் உறையாது திரவமாகவே நிற்றல் மிகைக்குளிர்வாகும். உறைதல் தொடங்குவதற்குப் பளிங்குக்கரு ஒன்று வேண்டும். சாதாரணமாகத் தூசோ பிற மாசோ அக்கருவுக்கு இடமளிக்கும். பெருந்திரளான திரவத்தில் ஒரு மாசுத்துணிக்கை போதும். அங்கு தோன்றும் பளிங்கு எங்கும் பரவிவிடும். அதே திரவத்தைக் கோடிக்கணக்கான துளிகளாகப் பிரித்தாலோ, மாசுகள் சிற்சில துளிகளுள் அகப்பட்டுக்கொள்ள, எஞ்சிய துளிகள் மாசற்றவையாய்க் கருவின்றி நிற்கும். டேவிட் ரேண்புல் 1950களின் தொடக்கத்தில் பாதரசத் துளிகளைக்கொண்டு இதனைத் தெளிவாக நிறுவினார். பாதரசத்துக்குப் பொருந்தியது பரபினுக்கும் பொருந்துகின்றது. நுண்துளியாகிய ஒக்டாடெக்கேன் உருகுவது 28 பாகையில். அதன் ஒரு பகுதி உறைவதோ பத்துப் பாகைக்கும் மேலாகக் கீழிறங்கிய பின்னரே. உறையும்போதும் ஒரே படியில் உறைவதில்லை. மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டும் தம் நீளச்சைப்பற்றிச் சுழலக்கூடிய இடைப்பட்ட சுழலவத்தையொன்று தோன்றுகின்றது. இதனால் மறைவெப்பம் ஒரு வெப்பநிலையிலன்றி இரண்டு மூன்று தவணைகளாக வெளிவருகின்றது.

இதன் பொருள் யாது? பகலில் 28 பாகையிற் சேர்த்த வெப்பத்தை, இரவு 18 பாகைக்குக் குளிர்ந்தாலன்றி முழுமையாக மீட்க இயலாது. மீட்க இயலாத வெப்பம் மறுநாட் சேமிப்புக்கு இடந்தராது. உருகியவாறே கிடக்கும் மெழுகு, மெழுகாயினும் ஒன்றே, நீராயினும் ஒன்றே. இதற்குப் பரிகாரம் கருவை நாமே வழங்குதல். கிளோபர் உப்புக்கு வெண்காரம் நல்ல கருவாகும் என்பதை ரெல்கெஸ் அம்மையார் 1952இல் வெளியிட்டிருந்தார். பரபின் குளிகைகளில், அதனினும் உயர்ந்த உருகுநிலையுடைய நீண்ட சங்கிலி அற்ககோலைச் சிறிதளவு கலக்கின்றனர். மிகைக்குளிர்வு குறைகின்றது; கலந்த அளவுக்கு மறைவெப்பமும் குறைகின்றது.

இவை யாவற்றையும் அளப்பதற்கு ஆய்வாளர் நம்பியிருக்கும் கருவி வேறுபாட்டு வருடற் கலோரிமானி. 1962இல் பேர்க்கின்-எல்மர் நிறுவனத்தைச் சேர்ந்த உவாற்சனும் ஓநீலும் இதனை உருவாக்கினர். மாதிரியை ஒரு சிறு தட்டிலும், ஒப்பீட்டுக்குரியதை இன்னொன்றிலும் வைத்து இரண்டையும் ஒரே வீதத்தில் சூடாக்கும்போது, மாதிரி உருகும் கட்டத்தில் மேலதிகமாக வேண்டப்படும் வெப்பத்தை இக்கருவி பதியும். தனிப்பரபின் கிராமுக்கு 244 யூலும் குளிகை 170 யூலும் தருமெனின், குளிகையின் திணிவில் 70 சதவீதம் பரபின் எனக் கணிப்பது வழக்கம். இக்கணிப்பு, ஓட்டுக்குள் உள்ள பரபின் முழுவதும் வெளியிலுள்ளதைப் போன்றே உருகும் என்ற எடுகோளின்மீது நிற்பது. ஓட்டிற் கரைந்தும் அதனை ஒட்டியும் நிற்கும் ஒரு பகுதி பளிங்காவதேயில்லை என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அன்றியும் கருவியில் மாதிரி சூடாக்கப்படுவது பெரும்பாலும் நிமிடத்திற்குப் பத்துப் பாகை வீதத்தில். வசிக்கும் அறையொன்றின் வெப்பநிலையோ மணித்தியாலத்திற்கு ஒன்றிரண்டு பாகையே மாறும். விரைந்து சூடாக்கும்போது உருகல் உயர்ந்த வெப்பநிலைக்குத் தள்ளப்பட்டு விரிந்து தோன்றும். வீதத்தையும் மாதிரியின் திணிவையும் கூறாது தரப்படும் உருகுநிலை, அளவுகோலின்றித் தரப்படும் தேசப்படம் போன்றது.

நீடித்து நிற்கும் ஆற்றல் பற்றிச் சுருங்கக் கூறுவோம். உருகும்போது பரபினின் கனவளவு பத்திலொரு பங்கு வரை கூடக்கூடும். ஒரு நாளைக்கு ஒருமுறை எனக் கொண்டாலும் பத்தாண்டில் மூவாயிரத்து அறுநூறு தடவைக்கு மேல் ஓடு இவ்வழுத்தத்தைத் தாங்குதல் வேண்டும். மெலமைன் பிசின் உறுதியானது, ஆனால் நொருங்கத்தக்கது. அக்கிரிலிக்கு ஓடு சற்று வளைந்து கொடுக்கும். எளிதில் ஆவியாகும் சைக்கிளோஎட்சேனை மெழுகோடு சேர்த்து அடைத்துப் பின் சூடாக்கி அதனை வெளியேற்றினால், விரிவதற்கான வெற்றிடம் ஓட்டினுள் எஞ்சும். நல்ல உத்தி, ஆயினும் இவ்வெற்றிடமும் சேமிப்பிற் பங்கெடுப்பதில்லை.

இவ்வளவும் கடந்து மனிதரை வந்தடையும் பயன் எத்துணை? ஆடையை முதலில் நோக்குவோம். ஓர் அங்கியில் நூறு கிராம் குளிகைகள் இருந்து, கிராமுக்கு 150 யூல் வீதம் யாவும் உருகினால் சேமிக்கப்படுவது 15,000 யூல். ஓய்ந்திருக்கும் மனித உடல் செக்கனுக்கு ஏறத்தாழ நூறு யூலை வெளிவிடுகின்றது. இரண்டரை நிமிடத்துக்கான சேமிப்பு! விளம்பரங்கள் பேசுவது இதைப்பற்றி அன்று.

சுவர் இதனினும் மேலானது. ஒரு சதுரமீற்றருக்கு மூன்று கிலோகிராம் குளிகை கொண்ட ஒட்டுப்பலகை, கிராமுக்கு 110 யூல் வீதம் 330 கிலோயூலைச் சேமிக்கும். மூன்று பாகை ஏற்றவிறக்கத்தில் இதே வெப்பத்தை ஏற்க ஏறத்தாழ ஏழு சென்ரிமீற்றர் தடிப்புள்ள செங்கற்சுவர் வேண்டும். மரச்சட்டத்தில் மெல்லிய பலகை அறைந்து வீடு கட்டும் நாடுகளில் இது பெருங்கொடை. தடித்த செங்கற்சுவரோ கற்சுவரோ உள்ள வீட்டிற்கு அது ஏற்கெனவே உள்ளதனை விலைகொடுத்து மீண்டும் வாங்குவதாகும். மேலும் கொழும்பில் சித்திரை, வைகாசி இரவுகளில் வெப்பநிலை 25 பாகையளவிலேயே நின்றுவிடுகின்றது. 26 பாகையில் உருகி, அதனினும் சில பாகை கீழே உறையும் குளிகை அங்கு இரவில் உறைவதற்கு வாய்ப்பில்லை. குளிரூட்டியை இயக்கி அதனை உறையவைத்தலே வழி. பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வேறுபாடு மிகுந்த மலைநாட்டில், தகரக் கூரையின் கீழ் வாழ்வோருக்கே இது உண்மையிற் பயன்படும். இப்பொருளின் இன்றைய விலையில் அதனை வாங்கும் நிலையிலில்லாதவரும் அவர்களே. தொழினுட்பம் யாருக்கு ஏற்றதோ அவர்களை விட்டு, யாரிடம் பணமுண்டோ அவர்களை நாடுவது புதிய செய்தியன்று.

படியெடுக்கும் தாளுக்கு மீண்டும் வருவோம். அத்தாளின் குளிகைகளினுள் நிறமூலத்தைக் கரைக்கப் பயன்பட்டவை பி.சி.பி. எனப்படும் குளோரினேற்றிய இருபீனைல்கள். 1971இல் அது நிறுத்தப்படும்வரை, அத்தாளை ஆக்கிய ஆலைகளிலிருந்தும் கழிவுத்தாளை மீண்டும் கூழாக்கிய ஆலைகளிலிருந்தும் அந்நஞ்சு விஸ்கொன்சின் மாநிலத்துப் பொக்ஸ் ஆற்றிற் கலந்தது. அவ்வாற்றின் அடியிலிருந்து அதனைத் தோண்டியெடுக்கும் வேலை 2020 வரை நீடித்தது. பரபின் அத்தகைய நஞ்சன்று. ஆயினும் அது எரியக்கூடியது. சுவரினுள் எரிபொருளை வைக்கின்றோம் என்பதை மறத்தலாகாது. மெலமைன் ஓட்டில் எஞ்சி நிற்கும் போமல்டிகைட்டை, மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. அதனை முதலிற் சுவாசிப்போர், சுவர் பூசப்பட்ட வீட்டில் வாழ்வோரல்லர். ஆலையில் அதனைக் கலப்போர். நுண்பிளாஸ்ரிக்குகளை வேண்டுமென்றே பொருள்களிற் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கட்டுப்படுத்தியபோது, திண்மமொன்றினுள் நிலையாகப் பிணைக்கப்பட்டவற்றுக்கு விலக்களித்தது. சுவர் இடிக்கப்படும் நாளில் அப்பிணைப்பு என்னவாகும் என்பது தனியே ஆராயப்படவேண்டியது.

பெற்றோலியப் பரபினுக்கு மாற்றாகக் கொழுப்பமிலங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ அரைப்பங்கு லோரிக்கமிலம். அது 44 பாகையில் உருகும். மறைவெப்பம் கிராமுக்கு ஏறத்தாழ 180 யூல். சுவருக்கு அவ்வெப்பநிலை பொருந்தாது. ஆனால் சூரியவெப்ப நீர்த்தொட்டிக்கும், பொழுது சாய்ந்தபின்னும் இரண்டொரு மணித்தியாலம் இயங்கவேண்டிய உலர்த்திக்கும் அது பொருந்தும். அவ்விடங்களில் இரவு வெப்பநிலை உருகுநிலைக்கு வெகு கீழே நிற்பதால் மிகைக்குளிர்வு இடர் தருவதில்லை. அமிலம் அரிக்காத உலோகத்தாலான, விரலளவு ஒடுங்கிய குழாய்களில் அதனை அடைத்தாலே போதும். பல்பகுதிய ஓடு அங்கு வேண்டுவதேயில்லை.